அச்சம் காத்த ஆறு

ஊரின் எல்லையில் பேய் உறைவதாகப் பெயர் பெற்ற ஆலமரம் ஒன்று நின்றால், அதன் கிளையை முறிக்க எவரும் துணிவதில்லை. விறகு தேடிச் செல்வோர் அதனை விட்டு விலகிப் போவர். பொழுது சாய்ந்தபின் சிறுவர் அப்பக்கம் தலைகாட்டார். ஆண்டுகள் பல கழிந்தபின் நோக்கினால், சுற்றிலும் உள்ள மரங்களெல்லாம் வெட்டுண்டு போக, அந்த ஒரு மரம் மாத்திரம் விழுதூன்றிப் படர்ந்து, பறவைகளுக்கு வீடாகி நிற்பதைக் காணலாம். மக்களின் அச்சமே அதற்கு வேலியாக அமைந்தது. மரத்துக்கு வாய்த்த இந்த விந்தையான காவல் ஓர் ஆற்றுக்கும் வாய்த்ததுண்டு. இந்திய நாட்டின் வடபாகத்தில் ஓடும் சம்பல் ஆறே அது. அழியும் நிலையிலுள்ள உயிரினங்கள் சிலவற்றுக்கு இன்று புகலிடமாய் விளங்கும் அந்த ஆற்றின் கதை, நேயர்கள் கேட்டுச் சிந்திப்பதற்கு உரியது.

மத்தியப் பிரதேசத்திலே விந்திய மலைத்தொடரின் பகுதியாகிய சனபாவ் குன்றுகளில் சம்பல் ஆறு பிறக்கின்றது. தென்னாட்டு ஆறுகள் பலவும் கிழக்கு நோக்கிக் கடலைத் தேடிச் செல்ல, இஃது வடக்கும் வடகிழக்குமாக ஏறத்தாழ 960 கிலோமீற்றர் ஓடி, உத்தரப் பிரதேசத்தின் இட்டாவா மாவட்டத்தில் யமுனையுடன் கலக்கின்றது. மத்தியப் பிரதேசம், இராசத்தான், உத்தரப் பிரதேசம் என்னும் மூன்று மாநிலங்களுக்கும் இதில் உரிமையுண்டு.

வடமொழி நூல்கள் இந்த ஆற்றைச் சர்மண்வதி என்று குறிக்கும். சர்மம் என்பது தோல். இரந்திதேவன் என்னும் அரசன் இயற்றிய வேள்விகளில் எண்ணிறந்த விலங்குகள் பலியிடப்பட்டன என்றும், அவற்றின் தோற்குவியலிலிருந்து கசிந்தோடிய நீரே ஆறாயிற்று என்றும் பாரதம் கூறும். சூதாட்டத்தில் அவமானமுற்ற திரௌபதி இந்த ஆற்று நீரைப் பருகுவோரைச் சபித்தாள் என்பது கரையூர்களில் வழங்கும் வேறொரு கதை. கங்கைக்கும் யமுனைக்கும் நீராடத் துறைகளும் கோவில்களும் மாநகரங்களும் எழுந்தன. குருதியின் நினைவும் சாபத்தின் நிழலும் படிந்த சம்பலுக்கோ அத்தகைய சிறப்புக் கிட்டவில்லை. அதனை வணங்குவார் குறைந்தனர். வணங்குவார் குறையவே, அதில் அழுக்கைச் சேர்ப்பாரும் குறைந்தனர்.

சாபத்தின் அச்சத்தோடு நிலத்தின் அச்சமும் சேர்ந்தது. சம்பலின் இருமருங்கும் மென்மையான வண்டல் மண்ணை மழைநீர் பன்னூறு ஆண்டுகளாக அரித்து, ஆழமான பள்ளங்களையும் செங்குத்தான மண்மேடுகளையும் உண்டாக்கியுள்ளது. வழியறியாதவன் உள்ளே புகுந்தால் திரும்பி வரும் திசை தெரியாது திகைப்பான். உழவுக்கு உதவாத அந்தப் பள்ளங்கள் கொள்ளைக்கூட்டத்தாருக்குக் கோட்டைகளாயின. மான்சிங் என்னும் பெயர் பெற்ற கொள்ளைத் தலைவன் 1955 ஆம் ஆண்டிலே சுட்டுக் கொல்லப்பட்டான். 1960 இல் வினோபா பாவே அடிகள் அந்த நிலத்தினூடே கால்நடையாய்ச் சென்றபோது ஒரு கூட்டத்தார் அவர்முன் படைக்கலங்களை வைத்து வணங்கினர். 1972 இல் மொரேனா மாவட்டத்தைச் சேர்ந்த சௌரா என்னுமிடத்தில் செயப்பிரகாச நாராயணர் முன்னிலையில் மேலும் பெருந்தொகையினர் சரணடைந்தனர். பள்ளங்கள் சூழ்ந்த அந்தக் கரையில் ஆலை அமைக்க முதலாளிகள் தயங்கினர்.

இவ்வாறு மனிதர் அஞ்சி ஒதுங்கிய நீரில், பிற ஆறுகளிலே வாழ வழியற்றுப்போன உயிர்கள் ஒதுங்கி உயிர் தரித்தன. அவற்றுள் தலையாயது, வடநாட்டார் கரியால் என்று வழங்கும் சொம்புமூக்கு முதலை.

அதனைக் காண விழையும் பயணி, ஆக்கிரா நகரிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் பெருவழியிற் புறப்பட்டு, செம்மணற்கல்லுக்குப் பெயர்போன தோல்பூரைக் கடந்தால் சம்பலின் பாலத்தை அடைவான். பாலத்துக்கு அப்பால் மத்தியப் பிரதேசத்தின் மொரேனா. அண்மையிலுள்ள இராசகாட் துறையிற் படகுகள் கிடைக்கும். கார்த்திகை தொடங்கிப் பங்குனி வரையுள்ள காலமே செல்லுதற்கு ஏற்றது. மழைக்காலத்தில் கரைபுரண்டோடும் ஆறு அப்பொழுது ஒடுங்கித் தெளிந்து, நடுவிலும் ஓரங்களிலும் வெண்மணல் திட்டுகளைக் காட்டி நிற்கும்.

பனி விலகாத காலைப் பொழுதிலே படகு நகரும்போது, முதலில் தோன்றுபவை பறவைகள். இமயத்தைக் கடந்து வந்த பட்டைத்தலை வாத்துகள் மணலில் வரிசையாய் அமர்ந்திருக்கும். இரவில் துணையைப் பிரிந்து வருந்துவதாகப் புலவர் பாடிய சக்கரவாகங்கள் பொன்னிறச் சிறகுடன் இணையிணையாக நீந்தும். ஸ்கிம்மர் என்னும் பறவையொன்று உண்டு. அதன் கீழலகு மேலலகிலும் நீண்டது. வாயைத் திறந்தபடி நீரின் மேற்பரப்பைக் கத்தியாற் கீறுவதுபோலக் கீறிக்கொண்டு பறந்து, தட்டுப்படும் சிறுமீனைக் கவ்வும். உலகில் அருகிவரும் இந்தப் பறவைக்குச் சம்பலின் மணல் திட்டுகள் முக்கியமான முட்டையிடும் தளங்களாகும்.

வெயில் ஏறியதும் படகோட்டி இயந்திரத்தை நிறுத்திக் கையால் ஒரு திட்டைச் சுட்டுவான். பயணியின் கண்ணுக்கு முதலில் ஒன்றும் புலப்படாது. மணலில் ஒதுங்கிய மரக்கட்டைகள் சில கிடப்பதாகவே தோன்றும். கூர்ந்து நோக்கினால் ஒரு கட்டைக்குக் கண்ணும், நீண்டு மெலிந்த மூக்கும் இருத்தல் தெரியவரும். மூக்கின் நுனியிலே கவிழ்த்து வைத்த சிறு சொம்பு போன்ற புடைப்பு இருக்குமாயின் அது வளர்ந்த ஆண். குடத்தைக் குறிக்கும் வடநாட்டுச் சொல்லிலிருந்தே கரியால் என்னும் பெயரும் வந்தது.

பழந்தமிழர் முதலை, இடங்கர், கராம் என மூவகையை அறிந்திருந்தனர். இலங்கையில் இன்று சதுப்பு முதலையும் உவர்நீர் முதலையும் உள. கரியால் இங்கு இல்லை. யால, வில்பத்துக் காடுகளின் நீர்நிலைகளில் வாழும் சதுப்பு முதலையினமே சம்பலிலும் கரியாலுக்கு அண்டை வீட்டானாய் வாழ்கின்றது. ஆயினும் இரண்டுக்கும் வேறுபாடு பெரிது. சதுப்பு முதலை ஆட்டையும் மாட்டையும் இழுக்கவல்லது. மனிதரைத் தாக்குவதும் உண்டு. கரியாலோ, 5 மீற்றருக்கு மேலும் வளரக்கூடிய பேருருவம் பெற்றிருந்தும், மீனையே உண்டு வாழ்வது. நூற்றுக்கு மேற்பட்ட ஊசிப் பற்கள் அமைந்த அதன் ஒடுங்கிய வாய் வழுக்கும் மீனைப் பற்றுவதற்கென்றே அமைந்தது. தோற்றத்தைக் கண்டு கொடியதென்று கொன்றவர் பலர்.

கரியாலின் வாழ்வு மணலோடு பிணைந்தது. வளர்ந்த கரியாலால் உடலை நிலத்தினின்று உயர்த்தி நடக்க இயலாது. வயிற்றை இழுத்துக்கொண்டு சிறிது தூரம் ஊர்ந்து செல்லும். ஆகையால் ஆழ்ந்த நீரை ஒட்டியே சரிந்த மணற்கரை அதற்கு வேண்டும். பங்குனி மாதத்தையொட்டிப் பெண் கரியால் இரவிலே கரையேறி, மணலைத் தோண்டி முப்பது நாற்பது முட்டைகளை இட்டு மூடும். மணலின் வெம்மையே அவற்றை அடைகாக்கும். இரண்டு மாதங்களுக்கு மேல் கழிந்து, மழை தொடங்குமுன், முட்டைக்குள்ளிருந்தே குஞ்சுகள் கத்தும். அந்த ஒலி கேட்டுத் தாய் வந்து மணலை அகழ்ந்து விடுவிக்கும். பல கூடுகளின் குஞ்சுகள் ஓரிடத்தில் நூற்றுக்கணக்கில் திரண்டு, பெரிய ஆண் கரியாலின் முதுகிலும் தலையிலும் ஏறிக் கிடக்கும் காட்சியைப் படமெடுத்தோர் உளர். அந்தக் குடும்பக் காட்சியின் ஆயுள் சில வாரங்களே. ஆடி ஆவணியில் வெள்ளம் பெருகும்போது குஞ்சுகளிற் பெரும்பாலானவை அடித்துச் செல்லப்படும். தப்பிப் பிழைப்பவை மிகச் சில.

ஆற்றின் கீழ்ப்பகுதியிலுள்ள ஆழ்மடுக்களில் பொறுமையோடு காத்திருப்போருக்குக் கங்கை ஓங்கிலையும் காணும் பேறு கிட்டலாம். டொல்பின் எனப்படும் இந்த உயிர் ஏறக்குறையக் குருடு. தான் எழுப்பும் ஒலி எதிரொலித்து மீள்வதைக் கொண்டே கலங்கல் நீரில் வழியும் இரையும் அறியும். மூச்செடுக்க ஒருகணம் மேலெழுந்து, கண்டவன் அருகிலிருப்பவனை அழைக்குமுன் மறைந்துவிடும். இந்திய அரசு 2009 இல் இதனைத் தேசிய நீர்வாழ் விலங்காக அறிவித்தது. ஓடு வீட்டுக் கூரை போன்று அமைந்ததாற் கூரையாமை எனப்படும் ஆமையினத்துள் ஒருவகை, இனச்சேர்க்கைக் காலத்தில் ஆணின் தலையிலே செந்நிறம் பூணும். கங்கைச் சமவெளி எங்கும் ஒருகாலத்தில் வாழ்ந்த அந்த ஆமை இன்று தன் இனத்தைப் பெருக்குவதற்குப் பெரிதும் சம்பலையே நம்பியிருக்கின்றது.

இவையெல்லாம் இன்று காணக் கிடைப்பது தற்செயலன்று. சிந்து நதி முதல் ஐராவதி வரை பரவியிருந்த கரியாலினம், தோலுக்காக வேட்டையாடப்பட்டும், முட்டைகள் எடுக்கப்பட்டும், அணைகளால் ஆறுகள் தடுக்கப்பட்டும், மீன்வலைகளிற் சிக்கி மூச்சடைத்தும் குறைந்தது. 1974 அளவில் இருநூற்றுக்கும் குறைவானவையே எஞ்சியிருந்தன என்று கணித்தனர். 1975 இல் இந்திய அரசு, ஐக்கிய நாடுகள் நிறுவனங்களின் துணையோடு முதலைகளைக் காக்கும் திட்டத்தைத் தொடங்கியது. 1978 இலும் 1979 இலும் மூன்று மாநிலங்களும் சம்பலின் தத்தம் பகுதிகளைச் சரணாலயமாக அறிவித்தன. கொள்ளைக்காரர் படைக்கலம் துறந்த 1972 ஆம் ஆண்டுக்கும் சரணாலயம் தோன்றிய ஆண்டுகளுக்கும் இடையேயுள்ள காலம் மிகச் சிறிது என்பதை நேயர்கள் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். பழைய வேலி விழத் தொடங்கிய காலத்திலேயே புதிய வேலி எழலாயிற்று.

ஆற்றங்கரையிலிருந்து முட்டைகளை எடுத்துச் சென்று, இலட்சுமணபுரிக்கு அண்மையிலுள்ள குக்ரைல் நிலையத்திலும், மொரேனாவுக்கு அண்மையிலுள்ள தேவரி நிலையத்திலும் பொரிக்கச் செய்தனர். குஞ்சுகளைச் சில ஆண்டுகள் தொட்டிகளில் வளர்த்து, ஏறத்தாழ 1.2 மீற்றர் நீளம் அடைந்தபின் ஆற்றில் விடுத்தனர். வெள்ளம் கொண்டுபோகும் பருவத்தைத் தொட்டியிற் கழிக்கச் செய்வதே இதன் நோக்கம். ஆயிரக்கணக்கான கரியால்கள் இவ்வாறு ஆறுகளுக்குத் திரும்பின. வெற்றி கைகூடியது என்று பலரும் மகிழ்ந்தனர்.

அந்த மகிழ்ச்சி நிலைக்கவில்லை. 2006 அளவில் கணக்கிட்டபோது, எல்லா ஆறுகளிலும் சேர்த்து முட்டையிடத்தக்க வளர்ச்சி பெற்றவை மீண்டும் இருநூற்றுக்குக் கீழே இறங்கியிருந்தன. குஞ்சை ஆற்றில் விட்டவர்கள், அந்த ஆறு குஞ்சு வாழ்தற்குரிய ஆறாக இருக்கின்றதா என்பதைப் போதிய அளவு கவனியாது விட்டனர். 2007 ஆம் ஆண்டின் இறுதியில் பேரிடி விழுந்தது. யமுனையோடு சம்பல் கூடும் இடத்தை அடுத்த பகுதியில் கரியால்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாண்டு மிதந்தன. அந்த ஒரு குளிர்காலத்திலேயே நூற்றுக்கு மேற்பட்டவை இறந்தன. சிறுநீரகங்கள் கெட்டு, மூட்டுகளில் உப்புப் படிந்திருந்ததை மருத்துவர் கண்டனர். மாசுபட்ட யமுனையில் நஞ்சேறிய மீன்களை உண்டமையே காரணமாகலாம் என ஆய்வாளர் பலர் ஐயுற்றனர். சம்பலின் நீர் தெளிந்திருந்தும், அது சென்று சேரும் ஆற்றின் கேடு அதன் உயிர்களைத் தாக்கியிருக்கக்கூடும். ஓர் ஆற்றை மற்றோர் ஆற்றினின்று வேலியிட்டுப் பிரிக்க இயலுமோ?

இந்தத் துயரின் பின்னர் ஆய்வு விரிந்தது. தமிழ்நாட்டிலே மாமல்லபுரத்துக்கு அண்மையில் 1976 இல் நிறுவப்பட்ட சென்னை முதலைப் பண்ணை இதில் பெரும்பங்கு கொண்டது. அதன் ஆய்வாளர்கள் கரியால்களின் உடலிற் சிறு வானொலிக் கருவிகளைப் பொருத்தி, அவை செல்லும் வழியைப் பின்தொடர்ந்தனர். மழைக்காலத்தில் அவை நூறு கிலோமீற்றருக்கு மேலும் பயணஞ் செய்து மீள்வதை அறிந்தனர். ஆற்றில் ஒரு சிறு துண்டைக் காத்து மற்றதைக் கைவிடுதல் பயனற்றது என்பதை அந்தக் கருவிகளின் ஒலி உணர்த்தியது. அண்மை ஆண்டுகளிற் சம்பலில் நடந்த கணக்கெடுப்புகளில் சிறியனவும் பெரியனவுமாக இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கரியால்கள் காணப்பட்டுள்ளன. உலகில் எஞ்சிய கரியால்களிற் பெரும்பகுதி இவையே. ஆறுதல் தரும் செய்திதான். ஆயினும் ஓரினத்தின் செல்வம் முழுவதும் ஒரே பெட்டியில் இருக்கின்றது என்பதையும் மறத்தலாகாது.

அந்தப் பெட்டிக்கு இன்று நேர்ந்துள்ள இடர்கள் இரண்டு. முதலாவது நீர். 1960 க்கும் 1972 க்கும் இடையில் காந்தி சாகர், இராணா பிரதாப் சாகர், சவகர் சாகர் என்னும் அணைகளும் கோட்டா நகரத்து நீர்த்தடுப்பும் மேற்பகுதியில் எழுந்தன. வறண்ட நிலங்கள் கோதுமையும் கடுகும் விளைவித்தன. அதன் விலையாகக் கோடையிற் சம்பல் மெலிந்தது. ஆழ்மடுக்கள் குறைந்தால் ஓங்கிலுக்கு இடமில்லை. திட்டைச் சூழ்ந்த நீர் வற்றினால் நரியும் நாயும் நடந்து சென்று ஸ்கிம்மரின் முட்டைகளைத் தின்றுவிடும்.

இரண்டாவது மணல். நகரங்கள் வளர வளரக் கட்டடங்களுக்கு மணல் வேண்டும். சரணாலயத்தில் மணல் அள்ளுதல் சட்டத்தால் விலக்கப்பட்டுள்ளது. எனினும் இரவில் உழவு இயந்திரங்கள் கரையில் இறங்குகின்றன. கரியால் முட்டையிடும் சரிவு ஒரே இரவில் பள்ளமாகின்றது. காவலர் தடுக்கச் செல்லின் உயிருக்கே இறுதி நேர்வதுண்டு. 2012 மார்ச்சு மாதத்தில் மொரேனா மாவட்டத்திலே, சட்டவிரோதமாக அகழ்ந்த கல்லை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரத்தை மறிக்க முயன்ற இளம் பொலிஸ் அதிகாரி நரேந்திர குமார் அதன் சக்கரத்தில் அகப்பட்டு உயிர் துறந்தார். பள்ளங்களில் மறைந்திருந்த பழைய கொள்ளைக்காரனுக்கு அஞ்சி ஊரார் ஆற்றை விட்டு விலகினர். இந்தப் புதிய கொள்ளைக்காரனோ ஆற்றையே கொள்ளையிடுகின்றான்.

இவ்விடத்திலே கரையூர் மக்களின் வழக்கையும் கேட்டல் முறையாகும். கோடையில் மணல் திட்டுகளிலே வெள்ளரியும் தர்ப்பூசணியும் பயிரிட்டு வாழ்ந்தவர்கள் அவர்கள். மீன்பிடித்தல் விலக்கப்பட்டது; பயிர் செய்த திட்டுகள் கூடு கட்டும் உயிர்களுக்கென ஒதுக்கப்பட்டன. எருமையை நீர்காட்டச் செல்லும்போது சதுப்பு முதலைக்கு அஞ்சவேண்டியவர்களும் அவர்களே. தொலைநகரத்தில் இருப்போர் முதலையைக் காக்கவேண்டும் என்று எளிதிற் கூறலாம். காத்தலின் செலவு கரையிலிருப்பவனின் அடுப்பிலிருந்து எடுக்கப்படுகின்றது. வறியவன் இரவிலே மணல் ஏற்றும் கூலிக்குப் போவதற்கு அவனது வயிறே காரணம் என்பதை ஒப்புக்கொள்ளாத சட்டம் நெடுங்காலம் நிற்பது அரிது.

நல்வழி காட்டும் சில முயற்சிகளும் அங்கே நடைபெறுகின்றன. கரையூர் மக்களையே கூலி கொடுத்து அமர்த்தி, ஆமைக் கூடுகளையும் பறவைக் கூடுகளையும் காவல் செய்விக்கின்றனர். நரி அகழக்கூடிய இடத்திலுள்ள ஆமை முட்டைகளை வேலியிட்ட மணற்பாத்திகளுக்கு மாற்றி, குஞ்சுகள் வெளிவந்ததும் ஆற்றில் விடுகின்றனர். மீன்பிடித்த குடும்பத்துப் பிள்ளை படகோட்டியாகிப் பயணிகளுக்கு வழிகாட்டுகின்றான். எந்தத் திட்டில் எந்தக் கரியால் வெயில் காயும் என்பதை அவன் அறிவான். அந்தக் கரியால் உயிரோடிருந்தாலன்றி அவன் படகுக்கு ஆள் வராது என்பதையும் அறிவான். காணவரும் பயணியும் தன் கடமையை உணர்தல் வேண்டும். கூடு உள்ள திட்டில் இறங்காமை, நல்ல படத்துக்காகப் படகை மேலும் அண்மையிற் செலுத்துமாறு வற்புறுத்தாமை, கொண்டுசென்ற பொதிகளை ஆற்றில் எறியாமை என்பன சிறியனவாகத் தோன்றினும் அங்குள்ள உயிர்களுக்குப் பெரியன.

மாலையில் மொரேனாப் பக்கம் சென்று தேவரி நிலையத்தைப் பார்க்கும் பயணி, தொட்டிகளிலே ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் சின்னஞ்சிறு கரியால்களைக் காண்பான். ஒருநாள் அவை ஆற்றுக்குச் செல்லும். தொட்டியில் அவற்றுக்கு மனிதன் மீனூட்டலாம். ஆற்றையும் மணலையும் தொட்டியிற் செய்து கொடுக்க அவனால் இயலாது. அந்தக் குஞ்சுகள் வளர்ந்து, தாம் முட்டையிடக் கரையேறும் இரவில், அங்கே மணல் எஞ்சியிருக்குமா என்பதே சம்பலின் எதிர்காலத்தை முடிவு செய்யும் கேள்வி. ஆற்று மணல் அள்ளப்பட்டுக் கரைகள் சரிவதை மாஓயாவிலும் பிற ஆறுகளிலும் கண்டிருக்கும் இலங்கை மக்களுக்கு இந்தக் கேள்வி அந்நியமானதன்று.

பேய்க்கு அஞ்சி மரத்தை வெட்டாதிருந்த பாட்டனின் பேரன், பள்ளிக்கூடம் சென்று பேயில்லை என்று கற்றுக்கொண்டான். அவன் அதனைக் கற்றது நன்றே. சாபத்தின் அச்சமும் கொள்ளைக்காரரின் அச்சமும் சம்பற்கரையை விட்டு நீங்கியதும் நன்றே. அவை மீண்டும் வரவேண்டும் என்று எவரும் விரும்பார். ஆனால் பேயில்லை என்று அறிந்த அன்றைக்கே கோடரியைத் தூக்குவானாயின், அவன் கற்ற கல்வி பாட்டனின் அறியாமை செய்த நன்மையைக்கூடச் செய்யாது போகும். மரத்தின் பயனையும், அதில் வாழும் பறவையின் உரிமையையும், தனக்குப்பின் வரும் பிள்ளைக்கு நிழல் வேண்டும் என்பதையும் சேர்த்துக் கற்றவனே கோடரியைக் கீழே வைப்பான். அச்சம் பன்னூறு ஆண்டுகள் காத்துக் கொடுத்த ஆற்றை அறிவு எத்தனை ஆண்டுகள் காக்கும் என்பதைச் சம்பற்கரையில் இன்று வளரும் பிள்ளைகள் காண்பார்கள்.